பாலாமை எழுந்த நாள்

குருந்தூர் ஏரிக்கரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அங்கே இருந்த துறவி மங்கையம்மைக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் வயிரவநாதனுக்கு அறுபத்து மூன்று. அரிசி ஆலையை மகள்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். மூன்று ஆண்டுகள் தியானத்தில் உட்கார்ந்தும் தனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்பது அவர் குறை.

ஓர் ஆவணி மாதம், ஊருக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னார். அம்மை தடுக்கவில்லை. குடிநீருக்கு ஏரியில் ஓர் ஊற்று மட்டும் தோண்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஏரி வறண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. முழங்கால் ஆழம் வெட்டியதும் மண்வெட்டி எதிலோ உரசியது. கையால் மண்ணை விலக்கினார். ஒரு சாண் நீளத்தில் ஓர் ஆமை. தலையும் வெளியே தெரியவில்லை, காலும் தெரியவில்லை. செத்துப்போனது என்றே நினைத்தார்.

அம்மை வந்து பார்த்தார். "பாலாமை," என்று சொல்லி மெல்லப் புரட்டினார். வயிற்றோட்டின் பின்பக்கம் இரண்டு தோல் மூடிகள். பின்னங்கால்களை உள்ளே இழுத்து மூடிகளைச் சாத்திக்கொண்டிருந்தது. அம்மை ஒன்றை விரலால் தொட்டார். அது இன்னும் இறுகியது.

வயிரவநாதனுக்கு மெய் சிலிர்த்தது. இரண்டு மாதமாகத் தீனி இல்லை, தண்ணீர் இல்லை, வெளிச்சம்கூட இல்லை. மடத்துத் தொட்டியில் விட்டுவிடலாம் என்று தூக்கினார்.

"எடுத்த இடத்திலேயே வையுங்கள்."

"மழைக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறதே, அம்மா."

"அதன் வீடு அதுதான்."

புதைத்துவிட்டு வேறிடத்தில் ஊற்றுத் தோண்டினார். ஆனால் புறப்பட மனம் வரவில்லை. தன் மண்வெட்டி பட்டதால் அது பிழைக்காமல் போய்விடுமோ என்று பயந்தார். தினமும் காலையில் அந்த இடத்துக்குப் போய், நாய்கள் கிளறாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகள்கள் கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் வருகிறேன் என்பார். ஆவணி போனது. புரட்டாசியும் போனது.

ஐப்பசி பிறந்ததும் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை இருவரும் போய்ப் பார்த்தபோது சேறு மெல்லப் புடைத்தது. நீண்ட கூர்மூக்கு முதலில் வந்தது. பிறகு கழுத்து. பிறகு சேறு அப்பிய முதுகு. அவசரமே இல்லாமல் நடந்து, தேங்கிய தண்ணீரில் இறங்கி, ஒரு நத்தையைக் கவ்வியது.

வயிரவநாதனின் கண்கள் நிறைந்துவிட்டன.

"எத்தனை பொறுமை, அம்மா. எத்தனை நாள் காத்திருந்திருக்கிறது."

"காத்திருந்தது நீங்கள், ஐயா," என்றார் அம்மை. "அது இருந்தது."