குத்துவிளக்கு ஏற்றும் வரை

பூவலம்பட்டிக் கணினி வாத்தியார் பூலோகநாதனுக்கு ஒரே கவலைதான். மனைவி செண்பகத்துக்குப் போடியில் நர்ஸ் வேலை, இவருக்கு இங்கே. கல்யாணமான நாளிலிருந்து குடித்தனம் பஸ்ஸிலேயே நடக்கிறது. கணினி ஆசிரியர்களின் மண்டல மாநாட்டை நல்லபடியாக நடத்திவிட்டால், தலைமை தாங்க வரும் இணை இயக்குநர் மங்கையர்க்கரசி அம்மாவிடம் போடிக்கு மாறுதல் கேட்டுவிடலாம். பாவம், அந்த நினைப்பில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவை ரயிலடியிலிருந்து அழைத்துவரக் கிளம்பும்போது, கூடவே மாநாட்டு வேலை பார்த்த கஸ்பார் சாரையும் இசக்கியம்மாள் டீச்சரையும் மண்டப வாசலில் நிறுத்திச் சொன்னார்.

"அம்மா குத்துவிளக்கு ஏத்துற வரைக்கும் ஒருத்தரையும் உள்ளே விடாதீங்க. முன் வரிசையில துண்டைப் போட்டு இடம் பிடிச்சிருவாங்க."

வேறு யாராவது என்றால் பாதியைக் காற்றில் விட்டிருப்பார்கள். இவர்கள் கணினி வாத்தியார்கள் ஆயிற்றே. சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் இவர்கள் நடத்தும் பாடமே.

அம்மா காரில் வந்து இறங்கினார். இசக்கியம்மாள் டீச்சர் சால்வை போர்த்தினார். கஸ்பார் சார் பணிவாகக் கும்பிட்டுவிட்டு, கதவை மறித்து நின்றுகொண்டார்.

"உள்ளே விட முடியாதும்மா. விளக்கு இன்னும் ஏத்தலை."

"நான்தானே ஏத்தணும்?"

"ஆமாம்மா. சீக்கிரம் ஏத்துங்க, எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க."

"விளக்கு எங்கே இருக்கு?"

"மேடையிலம்மா."

அம்மா திரும்பிப் பூலோகநாதனைப் பார்த்தார். அவர் யோசித்துப் பார்த்தார். கஸ்பார் சார் சொன்னதில் ஒரு தப்பும் அவருக்குத் தட்டுப்படவில்லை.

இசக்கியம்மாள் டீச்சர் சாக்பீஸை எடுத்து மண்டபச் சுவரிலேயே படம் போட்டார். "அம்மா உள்ளே போகணும்னா விளக்கு எரியணும். விளக்கு எரியணும்னா அம்மா உள்ளே போகணும். கோடு சரியாத்தான் சார் சுத்துது."

வெயிலில் நின்ற ஆசிரியர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். மாநாடு அருமையாகத் தொடங்கிவிட்டது என்று சிலர் கைதட்டினார்கள்.

"விளக்கை வெளியே கொண்டுவந்துட்டா?" என்றார் பூலோகநாதன்.

"கொண்டுவர ஒருத்தர் உள்ளே போகணுமே," என்றார் கஸ்பார் சார்.

"ஜன்னல் வழியாப் போனா?"

"எந்த வழியாப் போனாலும் அது உள்ளேதான் சார்."

சால்வைக்குள் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் கடைசியில் வெடித்துவிட்டார். "உங்க மூணு பேரையும் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்துறேன், பாருங்க."

கஸ்பார் சாருக்கு முகம் செத்துப் போயிற்று. "டீச்சர், அந்தக் காட்டுல கம்ப்யூட்டர் லேப் இருக்குமா?"

"கரண்ட் இருந்தாப் போதும் சார். கம்ப்யூட்டருக்குத் தண்ணி எதுக்கு?"

பூலோகநாதனுக்கோ சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வாய் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே மாறுதல் கிடைத்துவிட்டதே. அவசர அவசரமாகப் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"செண்பகம், அம்மா மாறுதல் கொடுத்துட்டாங்க. போடிப் பக்கம் தண்ணியில்லாத காடு எதுன்னு உடனே விசாரி. கிணறு குளம் ஏதாவது இருந்தா இன்னைக்கே மூடிரச் சொல்லு."