ஏணி வண்டியும் பதினோரு நிமிஷமும்

"ஒண்ணுமே நடக்கலையே! அப்புறம் எதுக்கும்மா பதினோரு நிமிஷம் என்னை நடுவழியில நிறுத்தி வச்சே?"

கேப்டன் வேதநாயகம் வந்த வேகத்திலேயே கேட்டார். வணக்கம் கிடையாது, ஒன்றும் கிடையாது.

செங்கமலம் தன் ஆரஞ்சுக் குச்சிகள் இரண்டையும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தரையிறங்கி ஊர்ந்து வரும் விமானத்தை நிற்கவேண்டிய இடத்துக்கு அழைத்து வருவது அந்தக் குச்சிகள்தான். அவள் 'வா' என்று காட்டினால் வரவேண்டும். தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் நிற்கவேண்டும். அந்த ஊர் விமான நிலையத்தில் ஒன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை.

முந்தாநாள் அவள் குறுக்காகப் பிடித்தது வேதநாயகத்தின் விமானத்துக்கு.

"பயணிகள் இறங்குற ஏணி வண்டி சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்னுச்சு சார். விமானம் நிக்கிறவரைக்கும் எந்த வண்டியும் அதைத் தாண்டக் கூடாதுல்ல?"

"நிக்கட்டும். ஒரு மீட்டர் இடைவெளி இருந்துச்சு. நான் பாட்டுக்குத் திரும்பி உள்ள வந்திருப்பேன்."

"வண்டி டிரைவரைத் தேடிப் பிடிச்சு நகர்த்தத்தான் பதினோரு நிமிஷம் ஆச்சு."

"ஏற்கனவே நாப்பது நிமிஷம் லேட். உள்ள நூத்தி எழுபது பேர் எழுந்து நின்னுக்கிட்டு என்னைத் திட்டுறாங்க. ஆபீஸ்ல இருந்து ஒருத்தன் போன்ல கத்துறான். உனக்கென்ன, குச்சியைத் தூக்கிட்டு நின்னுட்டே!"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அவள் பெயர் போட்ட புகார். கையெழுத்து மட்டும் பாக்கி. அது மேலே போனால் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பெட்டி ஏற்றும் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

"தப்புன்னு எழுதிக் குடு. இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

செங்கமலத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

"தப்பு பண்ணியிருந்தா எழுதித் தரலாம் சார். பண்ணாததுக்கு என்னன்னு எழுத?"

இதைச் சொல்லும்போது எனக்கும் வயிறு எரிகிறது. குளுகுளு அறையில் உட்கார்ந்து "ஏன் லேட்?" என்று கத்துகிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவனுக்குப் பயந்து விமானத்தை விரட்டுகிறவரையும் கேட்பதில்லை. பழி மட்டும் வெயிலில் நிற்கிறவள் தலையில் விழுகிறது.

செங்கமலம் எழுந்தாள்.

"ஒரு மீட்டர் இடைவெளி இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல. எங்கன்னு காட்டுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். பன்னிரண்டேகாலுக்கு உங்க விமானம் மாதிரியே ஒண்ணு இதே இடத்துக்கு வருது."

இருவரும் தளத்துக்கு நடந்தார்கள். சித்திரை வெயில். தரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது.

விமானம் வரவேண்டிய மஞ்சள் கோடு இடதுபுறம் வளைந்து உள்ளே வந்தது. வேதநாயகம் கோட்டின் மேல் நின்றார். வலதுபக்கமாக மீட்டருக்கு ஒரு எட்டாக வைத்து எண்ணிக்கொண்டே போனார்.

"பதினெட்டு. இறக்கை நுனி இங்க வரும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

இன்னும் ஒரு எட்டு வைத்தார்.

"உன் ஏணி வண்டி நின்னது இங்க."

தொப்பியைக் கழற்றி அடையாளத்துக்குத் தரையில் வைத்தார்.

"தொப்பியை எடுங்க சார்!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் திடுக்கிட்டார்.

"இன்ஜின் இழுத்துக்கும். இது தெரியாதா உங்களுக்கு?"

கேப்டன் முகம் சிவந்து போயிற்று. தொப்பியை எடுத்துக்கொண்டார். அவள் நீட்டிய சாக்பீஸை வெடுக்கென்று பிடுங்கி, அதே இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"போதுமா?"

"போதும். அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பின்னாடி போய் நில்லுங்க. மேலே பாக்காதீங்க. தரையைப் பாருங்க."

விமானம் வந்தது. செங்கமலம் எதிரே நின்று குச்சிகளை அசைத்தாள். விமானம் வளைவில் மெதுவாக இடதுபக்கம் திரும்பியது.

உச்சி வெயிலில் இறக்கையின் நிழல் அதற்கு நேர் கீழே விழுந்து, தரையில் நகர்ந்தது.

நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டது. வட்டத்தை மூடியது. அதையும் தாண்டி இரண்டு எட்டு வெளியே வந்து, பிறகுதான் உள்ளே போயிற்று.

இன்ஜின் அடங்கியது.

செங்கமலம் வந்ததும், "இவன் கோட்டை விட்டு விலகி வந்துட்டான்" என்றார் வேதநாயகம்.

"முன் சக்கரத்தைப் பாருங்க சார். கோட்டு மேலதான் நிக்குது."

பார்த்தார். கோட்டின் மேல்தான் நின்றது.

"நீள பஸ் முடக்குல திரும்பும்போது பின்பக்கம் வெளியே வீசுமே," என்றாள் அவள். "அதேதான். பின்னால சாஞ்ச இறக்கை, திரும்பும்போது நுனி வெளியே வீசும்."

"அது... புத்தகத்துல இருக்கு."

"இருக்கு. முந்தாநாள் ஞாபகம் இருந்துச்சா?"

அவர் முனகினார்.

"சரி, இடிச்சிருக்கும். தகரம் நசுங்கியிருக்கும். அதுக்கு மேல என்ன?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"யாரு இங்க வட்டம் போட்டது? சின்னப் புள்ளையா நீங்க?"

துப்புரவுப் பணி செய்யும் மரியபுஷ்பம். ஒரு கையில் வாளி, ஒரு கையில் துடைப்பான்.

"நான்தாம்மா போட்டேன்" என்றார் கேப்டன்.

"போடுவீங்க. துடைக்கிறது யாரு? முந்தாநாளும் இப்படித்தான். எவனோ ஒரு புண்ணியவான் பிளேனை நடுவழியில நிறுத்திட்டான். ஏணி வண்டியை எடு, எடுன்னு ஒரே கூப்பாடு. பாதி வேலையில என்னை இறக்கி விட்டுட்டாங்க. அரைகுறையா துடைச்சேன்னு சூப்பர்வைசர்கிட்ட நான்தான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்!"

"எங்கிருந்து இறக்கி விட்டாங்க?"

"ஏணி மேலருந்து. உச்சிப் படியில நின்னு கைப்பிடி துடைச்சுக்கிட்டிருந்தேன்."

"உச்சிப் படியிலயா?"

"பின்ன, கீழ நின்னுக்கிட்டா துடைப்பாங்க?"

"விமானம் வர்றதைப் பாக்கலையா?"

"அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். காதுல சத்தத்தை அடைக்கிற அந்த மூடி வேற. எனக்கென்ன தெரியும்? நல்லாக் கேக்குறாரு பாரு!"

வேதநாயகம் அண்ணாந்து பார்த்தார். நின்றிருந்த விமானத்தின் இறக்கை நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற ஏணி வண்டியின் உச்சிப் படியைப் பார்த்தார்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

மரியபுஷ்பம் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து வட்டத்தைத் துடைத்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை தேய்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கேப்டன் கையிலிருந்த காகிதம் வியர்வையில் நனைந்திருந்தது.

"எதுக்கு நிறுத்துனோம்னு அவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?"

முதல் தடவையாக அவர் அவளை 'நீங்க' என்றார்.

செங்கமலம் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"என்னத்தைச் சார் சொல்றது? ஒண்ணுமே நடக்கலையே."