உறை பிரிக்காத இயந்திரம்

தர்மபுரிப் பக்கத்துத் தொழிற்பேட்டை ஒன்றில், கடைசித் தகரக் கொட்டகையில் ஓர் இயந்திரம் பிறந்தது. புளியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற இயந்திரம். பிறந்த அன்றே ஒரு கூடைப் புளியை விழுங்கி, கொட்டையை ஒரு பக்கம் துப்பி, சதையை மறுபக்கம் தள்ளிவிட்டது. அதைச் செய்த மாதையன் குதித்த குதியில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

அவன் அதைச் செய்ததே அக்கா தீர்த்தம்மாவுக்காகத்தான். கல்லின்மேல் புளியை வைத்து, சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுத்துப் பிழைக்கிறவள் அவள். குறி தப்பித் தப்பி அவளுடைய இடது கட்டைவிரல் நகம் விழுந்து முளைத்து, மறுபடி விழுந்து, இப்போது முளைப்பதையே விட்டுவிட்டது.

"இனிமே உன் வெரல்ல அடி படாதுக்கா" என்றான் மாதையன். தீர்த்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த சுத்தியலை இயந்திரத்தின் காலடியில் வைத்தாள்.

சுத்தியலுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "தாயே, நீ நல்லா இருக்கணும். அவ கை தப்புது, பாவம் எனக்குச் சேருது. எத்தனை வருஷமா இந்தப் பொழப்பு!"

"நீ தூங்கு. இனி நான் பாத்துக்கறேன்" என்றது இயந்திரம், பெருமையாக.

அந்தச் சமயத்தில்தான் மானியம் பற்றிய செய்தி வந்தது. புதிதாக இயந்திரம் கண்டுபிடிக்கிற சிறு தொழிலுக்கு அரசாங்கம் கைகொடுக்குமாம். நல்ல திட்டம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேட்டையில் நடந்த கூட்டத்தில் மாதையன் எழுந்து, "எந்த மாதிரி மெஷினுக்குக் கிடைக்கும் சார்?" என்று கேட்டான்.

"புது மெஷினா இருக்கணும். பழசுக்குக் கிடையாது" என்றார் அதிகாரி.

எவனோ கழித்துப் போட்டதை வாங்கி, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து காட்டுகிறவர்களை மனதில் வைத்து அவர் அப்படிச் சொன்னார். மாதையனோ, ஒரு புளியங்கொட்டை ஒட்டியிருந்தாலும் காரியம் கெட்டுவிடும் என்று எடுத்துக்கொண்டான். கேட்டுத் தெளிந்துகொள்ள அவனுக்குக் கூச்சம். ஓடோடி வந்து இயந்திரத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். கனமான பாலித்தீன் உறை ஒன்றை வாங்கி வந்து தலைமுதல் கால்வரை மூடிக் கட்டினான். நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. புதுக் கார் வாங்கினால் சீட்டின் உறையைப் பிரிக்க மனசு வராது. உட்கார்ந்தால் முதுகு வெந்தாலும் பரவாயில்லை, சீட்டு புதுசாக இருக்க வேண்டும்!

இயந்திரத்துக்குப் பகீரென்றது. "யாரு நீ? எதுக்கு என் வாயை அடைக்கற?"

"உன் மரியாதையே நான்தான்" என்றது உறை. "நான் இருக்கற வரைக்கும் நீ புதுசு. நான் கிழிஞ்சா நீயும் பழசு. அப்புறம் உன்னை யாரு சீண்டுவா?"

"புளி வந்து குவியுது. எனக்கு வேலை இருக்குது!"

"வேலை செஞ்சா அழுக்காவ. பேசாம நில்லு."

பங்குனி வெயிலில் பெண்கள் மூட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். தீர்த்தம்மா முன்னால் வந்து நின்றாள். "எப்படா ஓட்டுவ?"

"அதிகாரி வந்து பாத்துட்டுப் போவட்டும்க்கா. கொஞ்சம் பொறுத்துக்க."

அவள் குனிந்து சுத்தியலை எடுத்தாள். இயந்திரம் திடுக்கிட்டது. தூங்கிக்கொண்டிருந்த சுத்தியல் விழித்து, "என்ன தாயே, நீ பாத்துக்கறேன்னு சொன்னியே?" என்று கேட்டது. இயந்திரம் பதில் சொல்ல வாயெடுத்தது. உறைக்குள்ளேயே குரல் அடங்கிப்போனது.

இன்றைக்குத் திறப்பான், நாளைக்குத் திறப்பான் என்று பெண்கள் கொட்டகைச் சுவரோர நிழலிலேயே கல்லைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி இந்தா வருகிறார், அந்தா வருகிறார் என்று பங்குனி போய்ச் சித்திரையும் வந்தது. டொக், டொக் என்று வெளியே தட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி இயந்திரம் நின்றது. தகரத்துக்கு இந்தப் பக்கம் எல்லா வேலையும் தெரிந்த அது சும்மா நின்றது. அந்தப் பக்கம் அவர்கள் விரலைப் பணயம் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் அந்தச் சத்தத்தின் நடுவே ஓர் அலறல் கேட்டது.

மாதையன் ஓடினான். தீர்த்தம்மாவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். முந்தானையால் சுற்றிய கையிலிருந்து ரத்தம் சொட்டியது. யாரோ சுத்தியலையும் எடுத்து வந்து போட்டார்கள். "நான் இல்ல தாயே, நான் இல்ல" என்று அது பிதற்றியது. இயந்திரம் தன் பல்லையெல்லாம் நறநறவென்று கடிக்கப் பார்த்தது. ஒரு பல்கூட அசையவில்லை. மின்சாரம் கொடுத்தால்தானே அசையும்!

"பாத்தியா?" என்று அது உறையிடம் கதறியது.

"பாத்தேன். நல்லவேளை, உன் மேல ஒரு சொட்டும் படல" என்றது உறை.

கோடை மழை பெய்து, மிச்சமிருந்த புளி கறுத்துப்போன பிறகு அதிகாரி வந்தார். இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுவரைக்கும் எத்தனை மூட்டை ஓட்டியிருக்கீங்க?"

"ஐயோ, சாமி சத்தியமா ஓட்டல சார். கை படாம வெச்சிருக்கேன்."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்ட வேண்டாம்னு யாரு சொன்னா? நீங்களே செஞ்ச மெஷின், எத்தனை நாள் ஓடினாலும் புது மெஷின்தான். ஓட்டியிருந்தா சந்தோஷமா பாத்திருப்பேனே!"

இயந்திரம் அதிர்ந்துபோனது. அப்படியானால் அந்த வெயில், அந்த அலறல், அந்த ரத்தம் எல்லாமே வீணா? மாதையன் ஒரு நிமிஷம் அக்காவின் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷத்தில் இயந்திரம் எல்லாவற்றையும் மன்னிக்கத் தயாராக இருந்தது.

மானியம் வந்து சேர்ந்தது. மறுநாளே மாதையன் கத்தியோடு வந்து உறையைச் சரசரவென்று அறுத்தான். இயந்திரத்துக்குக் காற்று பட்டது. "அடுத்த பருவம் என்னுது!" என்று அது கூவியது.

அவன் அதன் மேலிருந்த தூசியை ஊதினான். பிறகு அதைவிடக் கனமான புது உறை ஒன்றைப் பிரித்துப் போர்த்தினான்.

"என்னடா பண்ற? அவருதான் ஓட்டலாம்னு சொன்னாரே?" என்றாள் தீர்த்தம்மா.

"சொன்னாருக்கா. ஆனா பளபளன்னு நின்னதாலதானே கெடச்சுது? அடுத்த சித்திரையில பெரிய கண்காட்சி வருது. அங்க ஜெயிச்சா இன்னும் பெரிய உதவி கெடைக்கும். அதுவரைக்கும் கீறல் படக்கூடாது."

"அப்ப என் வெரலு?"

"உன்னை மறப்பேனாக்கா? மானியத்துல மொத செலவே உனக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை நீட்டினான். உள்ளே பாலித்தீன் கவருக்குள் ரப்பர் பிடி போட்ட புத்தம்புதுச் சுத்தியல் மின்னியது.

"கவரைக் கிழிச்சுடுக்கா" என்றான் மாதையன். "இது வேலை செய்யறதுக்கு."