சட்டைப் பையில் வருகைப் பதிவு

"சாமி, நாளைக்கு நெய்க்குடம் எனக்குத்தானே? இல்ல, இந்த வருஷமும் வேற யாருக்காவது போயிடுமா?"

மடத்துத் தலைவரான சாமி, பூஜை முடித்து வெளியே வந்ததும் வராததுமாகத் தவசிமணி கேட்டது இதைத்தான்.

பருந்துமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்ற, அடிவாரத்து மடத்திலிருந்து ஒரு குடம் நெய் போகும். வரிசைப்படி ஒருவர் தலையில்தான் அது மலையேறும். தன் முறை வரட்டும் வரட்டும் என்று காத்திருந்தே தவசிமணியின் மீசை முழுக்க நரைத்துவிட்டது.

"உங்களுக்குத்தான் ஐயா," என்றார் சாமி.

சாமி அவரை ஐயா என்று கூப்பிடுவதில் ஒரு சங்கதி இருக்கிறது.

தவசிமணி பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தவர். சாமி அந்தக் காலத்தில் குழந்தைவேல் என்ற பெயரில் அவரிடம் திட்டு வாங்கி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியவர். பிறகு காலமும் ஒரு சுற்றுச் சுற்றியது. மாணவன் குருவாகிவிட்டான். வாத்தியார் சீடராகிவிட்டார்.

ஆனாலும் பழைய மரியாதை போகவில்லை. இவர் அவரைச் சாமி என்பார். அவர் இவரை ஐயா என்பார்.

"உடம்பு எப்படி இருக்கு ஐயா?"

"கல்லு மாதிரி இருக்கு."

"கண்ணு சிவந்திருக்கே."

"காத்துல புழுதி, சாமி."

அடுக்களையிலிருந்து செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். மடத்துச் சமையல் அவள் பொறுப்பு. நெய்க்குட வரிசையில் தவசிமணிக்கு அடுத்த பெயரும் அவளுடையதுதான்.

"புழுதியா? காலையில தின்ன இட்லியை வேப்பமரத்தடியில கக்க வச்சதும் அந்தப் புழுதிதானா வாத்தியாரே?"

"உன் இட்லி அப்படி. குடத்து மேல கண்ண வச்சுக்கிட்டுப் பேசாத தாயி."

"கண்ணு வச்சிருக்கேன்தான், இல்லேங்கல. அதுக்காகப் பொய் சொல்லுவேனா?"

தவசிமணி அவள் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்து ஒரு புதுச் சும்மாட்டை எடுத்துச் சாமியிடம் நீட்டினார். குடத்துக்கும் தலைக்கும் நடுவில் வைக்க, கோடி வேட்டியைக் கிழித்து அவரே திரித்துச் சுற்றியது.

"எப்படி இருக்கு, பாருங்க சாமி."

குனிந்து எடுத்ததில் சட்டைப் பை சலசலத்தது.

"நல்லா இருக்கு," என்றார் சாமி. "பையில என்ன?"

தவசிமணி சட்டென்று பையைப் பொத்தினார். பொத்தி என்ன ஆகப்போகிறது என்று பிறகு கையை எடுத்துவிட்டார்.

"முந்தாநாள்லேருந்து லேசாக் காய்ச்சல். கொஞ்சம் சளி. மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. வேற ஒண்ணுமில்ல. காய்ச்சலுக்குப் பெட்டிக்கடையில ஒரு மாத்திரை வாங்கினேன். சளிக்கு பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல. வலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அட்டை குடுத்தார். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாத்தான் வச்சிருக்கேன். யாருக்கும் தொந்தரவு குடுக்காம நானே பாத்துக்கிட்டேன் சாமி."

"எப்பெப்போ போடறீங்க?"

"குளிர் எடுத்தா மூணையும் போடுவேன். விட்டுதுன்னா சரி. விடலேன்னா மறுபடியும் மூணு. நாளைக்கு ஏறணும்ல? என்ன ஆனாலும் ஏறியே தீருவேன்."

செண்பகவல்லி என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். சாமி அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டாள்.

"ஐயா, நீங்க வருகைப் பதிவு எடுத்து ரொம்ப நாளாச்சு, இல்லையா?"

"என்னது?"

"பையில மூணு பேரு இருக்காங்களே. வரிசையா நிக்க வச்சுப் பேர் கூப்பிடுங்க. நான் பார்க்கணும்."

தவசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ச்சலோடு சிரித்ததில் இருமலும் வந்தது. மூன்று அட்டைகளையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, வெள்ளி ஒன்று. பச்சை கொஞ்சம் கோணலாக நின்றது. அதை நேராக்கினார். பழக்கம் விடுமா?

முதுகை நிமிர்த்திக்கொண்டு, சிவப்பு அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்த பெயரைக் கணீரென்று கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா."

தவசிமணி நிமிர்ந்து பார்த்தார். பதில் சொன்னது சாமி. கைகட்டி எழுந்து நின்றிருந்தார்.

"ம். அடுத்தது."

பச்சை அட்டையின் பெயரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா." அதுவும் சாமிதான். இந்தத் தடவை மூக்கடைத்தவன் குரல்.

வெள்ளி அட்டை.

"உள்ளேன் ஐயா!" இது கீச்சுக் குரல்.

அந்தக் கீச்சுக் குரல் தவசிமணிக்குத் தெரிந்த குரல். கூட்டாளிகள் எல்லாரும் கிணற்றில் குதித்துக்கொண்டிருக்க, ஒரு பொடியன் மட்டும் வகுப்பில் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் ஆஜர் சொல்லிக்கொண்டிருப்பான். எத்தனை தடவை பிடித்திருக்கிறார்! அவருடைய நாக்கு அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"டேய் குழந்தவேலு! குரல மாத்தினா ஆள் மாறிடுமாடா?"

அடுக்களையில் கரண்டி விழுந்தது.

சாமியைப் போய் டேய் என்று சொன்னவர் தவசிமணிக்கு முன்னால் அந்த மடத்தில் யாருமில்லை.

சாமி அசையவில்லை. கைகட்டியபடியே நின்றார்.

மன்னிப்புக் கேட்கத் தவசிமணி வாயெடுத்தார். அதற்குள் தான் சொன்னதே தன் காதில் திரும்பி வந்து விழுந்தது.

மெல்லக் குனிந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சிவப்பு அட்டையைத் திருப்பினார்.

பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் மருந்தின் பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பாராசிட்டமால்."

பச்சை அட்டையைத் திருப்பினார். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தின் பெயர் இருந்தது. முதலில் இருந்த பெயரைப் படித்தார்.

"பாராசிட்டமால்."

வெள்ளி அட்டையைத் திருப்பக் கை வரவில்லை. திருப்பினார். படித்தார். அதிலும் அதே பெயர்.

"அளவு மீறினா ஈரலையே கெடுக்கிற ஆளு இவன். நேத்து இவனை எத்தனை தடவை கூப்பிட்டீங்க ஐயா?" என்றார் சாமி.

தவசிமணி விரல் விட்டு எண்ணினார். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"காலையிலேருந்து வயித்துல வலப்பக்கம் ஒரு மாதிரி இருக்கு சாமி," என்றார். திட்டு வாங்கப் போகிற பையன் மாதிரி இருந்தது அவர் குரல். "தண்ணிகூட நிக்கல. சொன்னா குடம் போயிடுமேன்னு சொல்லல."

சாமி வாசலில் நின்ற ஆளிடம் கைகாட்டினார். ஆட்டோ கூப்பிட அவன் ஓடினான்.

தவசிமணி வாசல் வழியாக மலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு சும்மாட்டை எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போனார்.

"பிடி."

செண்பகவல்லி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இப்படி வர்ற குடம் எனக்கு வேண்டாம் வாத்தியாரே."

"பிடிங்கறேன்ல? கழுத்தை ஆட்டாத. நேராப் பாத்து நட. பாதியில எங்கயும் இறக்கி வைக்காத. இது உத்தரவு."

"அப்ப நீங்க?"

"எனக்கும் இன்னிக்கு ஏற வேண்டியது ஒண்ணு இருக்கு. பெரியாஸ்பத்திரிப் படி."

அவள் வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணிலும் இப்போது புழுதி.

"கஞ்சி கொஞ்சம் வச்சிருக்கேன், அதையாவது குடிச்சுட்டு..."

"நேரமில்ல தாயி. இப்பவே போகணும்."

மூன்று அட்டைகளையும் மறக்காமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆட்டோ வந்து நின்றது. துணைக்குச் சாமியே ஏறி உட்கார்ந்தார்.

"என்னென்ன மருந்து போட்டீங்கன்னு டாக்டர் கேட்பார் ஐயா," என்றார். "என்ன சொல்வீங்க?"

தவசிமணி சட்டைப் பையைத் தட்டினார்.

"ஒரே பயதான் சாமி. எல்லாருக்கும் அவனே உள்ளேன் ஐயா சொல்லியிருக்கான்."