பின்கட்டுப் பூதியார்

அரிசிலாற்றின் தென்கரையில் திருநாவற்கரை என்றோர் ஊர். நாவல் மரத்தடியில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்கு அங்கே சிறிய கோயில்தான். ஆனாலும் அந்த மண்ணில் கண்மூடினால் மறுபிறப்பு இல்லை என்று நம்பி, நாலா திசைகளிலிருந்தும் நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அவர்களுக்காக முன்னாளில் ஒரு சிற்றரசர் கட்டிக்கொடுத்தது நிழற்சாலை. வைத்தியர் கைவிட்டவர்கள் தங்கள் கடைசி நாட்களை அங்கே கழிப்பார்கள். அந்தச் சாலையில் மலம் அள்ளியும் புண் கழுவியும் துணி துவைத்தும் வாழ்ந்தவர் பூதியார். அவர் பெருமையைத்தான் இங்கே சொல்லப் புகுந்தோம்.

பூதியாரின் கணவர் மாதையர் ஓடக்காரர். வயிறு வீங்கி மூச்சுவிட முடியாமல் அவரையும் ஒருநாள் இந்தச் சாலைக்குத்தான் தூக்கி வந்தார்கள். பூதியார் அவருடைய துணியை அலசிவர ஆற்றுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. ஈரத்துணியோடு வந்து பார்த்தபோது, மாதையரின் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. யாரை எதிர்பார்த்துத் திரும்பியது என்று பூதியாருக்குத் தெரியாதா? காரியங்கள் முடிந்தபின் அவர் வீடு திரும்பவில்லை. “இனி இந்த இடத்துல ஒருத்தரும் தனியாப் போகக்கூடாது. அதுக்கு நான் இருக்கேன், நாவலடியாரே” என்று கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, சாலையிலேயே வேலைக்கு நின்றுவிட்டார்.

விடியும் முன் ஆற்றில் மூழ்கிக் கோயிலை வலம் வருவார். முந்தானையில் திருநீறு முடிந்துகொண்டு சாலைக்கு வருவார். ஒவ்வொருவர் நெற்றியிலும் அதை இட்டு, “நாவலடியாரே” என்று ஒருமுறை சொல்லிய பிறகுதான் அந்த உடம்பைத் தொடுவார். அவர் அறிந்த மந்திரமும் பூசையும் அவ்வளவே. படித்துறையில் பெண்கள் அவரைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். “பிணங்காத்தாள் வர்றாடி, ஒதுங்கு” என்று காது கேட்கவே சொல்வார்கள்.

“உயிரோட இருக்கறவங்களைத்தாம்மா காக்குறேன். பிணமானப்புறம் அவங்களுக்கு நான் எதுக்கு?” என்பார் பூதியார். சொல்லிவிட்டுத் துணியை அடித்துத் துவைப்பார்.

சாலையைப் பார்த்துக்கொள்ள அரைசூரார் என்றொரு கண்காணி இருந்தார். அவர் கொடியவர் அல்லர். நாற்றம் தாங்காதவர், நல்ல பெயருக்கு ஆசைப்படுபவர். வசதியுள்ளவர்களையும் உறவினர் வந்து பார்க்கும் நோயாளிகளையும் முன்கட்டில் வைத்தார். புண் அழுகியவர்களும் புத்தி கலங்கியவர்களும் கேட்பாரற்றவர்களும் பின்கட்டுக்குப் போனார்கள். ஓர் ஆண்டு ஊரில் விஷக்காய்ச்சல் பரவியது. அப்போது முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவே இருந்த வழியை அரைசூரார் செங்கல் வைத்து அடைத்தார். பின்கட்டிலிருந்து மேலவீதிக்குத் திறக்கும் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டார். உள்ளே நோயாளிகளோடு பூதியாரும் அடைபட்டார்.

காய்ச்சல் தணிந்தது, கதவு திறக்கவில்லை. நாற்றம் முன்கட்டுக்கு வராமல் இருப்பது அரைசூராருக்கு வசதியாகிவிட்டது. கதவில் ஒரு துளை இருந்தது. சமையற்கட்டில் வேலை செய்யும் அல்லி என்பவள் அதன் வழியே கஞ்சியும் தண்ணீரும் கொடுப்பாள். நீர் எடுக்க ஒரு சிறு கிணறு, தலைக்கு மேல் ஒரு துண்டு வானம், நான்கு பக்கமும் சுவர். பூதியாருக்கு மிஞ்சியது இவ்வளவே.

ஆரம்பத்தில் அவர் கதவைத் தட்டினார். கத்தினார். கை வீங்கும்வரை தட்டிப் பார்த்து ஓய்ந்தார். கோயில் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். முந்தானையில் திருநீறு தீர்ந்தபின், அல்லி துளை வழியே தந்த அடுப்புச் சாம்பலை எடுத்து நோயாளிகளின் நெற்றியில் இட்டார். “நீ வெளியில இருக்க, நான் உள்ள கெடக்குறேன். உன்னைப் பாக்காம நான் எப்படி இருப்பேன்னு ஒருநாளாவது நெனச்சியா?” என்று ஈசனோடு சண்டை போட்டார். சண்டை பாதியில் இருக்கும்போதே யாராவது முனகுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாவலடியாரே” என்று சொல்லி, அவர்களைத் திருப்பிப் படுக்கவைப்பார்.

பின்கட்டில் கூத்தன் என்றொரு கல்தச்சர் கிடந்தார். கோபுர வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே புண்ணாகிப் போனவர். வலி வந்தால் ஊரே கேட்கும்படி கத்துவார். அவரைக்கூடச் சமாளிக்கலாம். மார்கழி பிறந்தபின் கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டுப் போனார்களே ஒரு கிழவரை, அவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அவருக்கு ஊரும் தெரியவில்லை, பேரும் தெரியவில்லை. உடம்பெல்லாம் கொப்புளம். கஞ்சி கொடுத்தால் சுடுகிறது என்பார். ஆற்றிக் கொடுத்தால் பச்சைத் தண்ணீரா என்பார். “ஏ பொம்பளை, ஒன் கை என்ன, ஒரலா? இப்படித்தான் தொடைப்பியா? இதுக்குத் தெருவுலயே செத்திருக்கலாம்” என்று திட்டுவார். பூதியார் எழுந்து அடுத்தவரிடம் போனால், “என்னை விட்டுட்டு எங்க போற?” என்று கூப்பாடு போடுவார். பூதியாருக்கும் கோபம் வந்தது. ஒருமுறை கஞ்சிக் கலயத்தை நங்கென்று வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துத் தாமே எழுந்து வந்து, “சரி, சொல்லுங்க பெரியவரே. எப்படித் தொடைச்சா நோகாது?” என்று கேட்டார். கிழவர் வாயைத் திறந்து காட்டினார். பூதியார் கஞ்சியை ஊட்டினார்.

அந்தச் சமயத்தில் சாலையின் தரத்தைப் பார்த்துவர, அதற்குப் பொருள் கொடுத்துவரும் மடத்திலிருந்து ஆராய்ச்சியார் வருவதாகச் சேதி வந்தது. அறச்சாலைகளைச் சோதித்து, நடத்துவதா மூடுவதா என்று மடத்துத் தலைவரிடம் சொல்லும் அதிகாரி அவர். வயதானவர், மழபாடியார் என்று பெயர். சுவாமி வீதியுலா வரும் திருவாதிரை நாளன்று காலையில் வருவார் என்றார்கள். முன்கட்டில் சுண்ணாம்பு அடித்தார்கள், புதுப் பாய் விரித்தார்கள், சந்தனம் அரைத்துத் தெளித்தார்கள். அரைசூரார் மேலவீதிக் கதவருகே வந்து துளை வழியாகப் பேசினார்.

“ஏ பூதி, அவரு வந்துட்டுப் போறவரைக்கும் உள்ள இருந்து ஒரு சத்தம் வரக்கூடாது. கத்துறவன் வாயில துணியை வச்சு அடை.”

“வலிக்கிறவரு வாயை அடைக்க எனக்குக் கை வராதுங்க.”

“வராதா? சத்தம் கேட்டுச்சுன்னா அம்புட்டுப் பேரையும் சுடுகாட்டுக் கொட்டகையில கொண்டுபோய்ப் போட்டுருவேன். நரி இழுக்கட்டும். ஒன்னாலதான்னு நெனச்சுக்க.”

அவர் போய்விட்டார். பூதியார் கதவில் சாய்ந்தபடி நின்றார். பேசினால் இவர்கள் சுடுகாட்டுக் கொட்டகைக்குப் போவார்கள். பேசாவிட்டால் இந்தச் சுவருக்குள்ளேயே அழுகிச் சாவார்கள். எந்தப் பக்கம் அடியெடுத்து வைத்தாலும் பள்ளம். “எனக்குத் தெரியல, நாவலடியாரே” என்று மட்டும் சொன்னார்.

திருவாதிரை விடிந்தது. ஆராய்ச்சியார் வந்தார். செங்கல் சுவருக்கு இந்தப்புறம் இருந்த பூதியாருக்கு எல்லாம் காதில் விழுந்தது. “உங்களை நல்லாக் கவனிச்சுக்குறாங்களா?” என்று முன்கட்டில் யாரையோ ஆராய்ச்சியார் கேட்டார். “கொறை ஒண்ணும் இல்லீங்க” என்று மெலிந்த குரல் ஒன்று பதில் சொன்னது. அடுத்தவரும் அதையே சொன்னார், அதற்கடுத்தவரும்.

அப்போது கூத்தருக்கு வலி கண்டது. கண்காணி மிரட்டியதை அவரும் கேட்டிருந்தார். பூதியார் திரும்பிப் பார்த்தபோது அவர் தாமே போர்வையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்து, கண்கள் பிதுங்கி நீர் வழிந்தது. பூதியாரால் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வருவது வரட்டும் என்று ஓடிப்போய்த் துணியைப் பிடுங்கி எறிந்தார்.

“கத்துங்கண்ணே. வலிக்குதுல்ல? கத்துங்க!”

கூத்தர் கத்தினார். சுவருக்கு அப்பால் பேச்சு நின்றது.

“யாரு அது?” என்றார் ஆராய்ச்சியார்.

“பக்கத்துக் கொட்டில்ல மாடு கன்னு போடுதுங்க” என்றார் அரைசூரார்.

பிறகு ஆராய்ச்சியாரின் குரல் மெதுவாக எழுந்தது. “பாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு கேக்குறேன். இங்க உசுரு போற நேரத்துல, அவங்க யாரு கையைப் புடிச்சுக்குறாங்க?”

அரைசூரார் என்னவோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் பறையும் சங்கும் முழங்கின. சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள்.

மேலவீதிக் கதவில் தாழ்ப்பாள் நகரும் ஓசை கேட்டது. அல்லி தலையை நீட்டினாள். “பூதியக்கா, தாப்பாளை எடுத்துட்டேன். சாமி இந்தத் தெருவுலதான் வர்றாரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டு உள்ள வந்துருங்க. ஒருத்தருக்கும் தெரியாது!” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கதவிடுக்கில் வெயில் தெரிந்தது. எத்தனை மாதமாக ஏங்கிய காட்சி! பூதியார் கதவை நோக்கி நடந்தார். கையை வைத்துத் தள்ளப் போகும்போது பின்னால் கிழவரின் மூச்சு மாறியது. நின்று, இழுத்து, மீண்டும் நின்றது. எத்தனையோ பேர் கண்மூடும்போது அருகிருந்த பூதியார் அந்த மூச்சை அறிவார். அவர் வெளியே பார்த்தார். தெருமுனையில் குடையின் நுனி தெரிந்தது. “மன்னிச்சுக்க அப்பனே, இவருக்கு யாரும் இல்ல” என்று சொல்லி, திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்து கிழவரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

வைத்த தலை கனத்தது. எலும்பும் தோலுமான கிழவரின் தலைதான். ஆயினும் பாறையை மடியில் இறக்கியது போல இருந்தது. தொடை நசுங்கியது, கால் மரத்தது. ஆனாலும் பூதியார் அசையவில்லை.

அதே நேரத்தில் வெளியே, பல்லக்கு மேலவீதியில் திரும்பியதும் தூக்கிவந்தவர்கள் கலவரப்பட்டு நின்றார்கள். “கனமே இல்லீங்க சாமி! தோள்ல வெறும் மூங்கில் இருக்கற மாதிரி இருக்கு!” என்றார் முன்னால் இருந்தவர். குருக்கள் திரையை விலக்கிப் பார்த்தார். திருமேனி இருந்தது, நகை இருந்தது, மாலை இருந்தது. கனம் மட்டும் இல்லை. நடுங்கிப்போய்ப் பல்லக்கை இறக்கினார்கள். இறக்கிய இடம் பின்கட்டுக் கதவின் முன்னே. ஒருக்களித்திருந்த கதவின் வழியே வந்த நாற்றத்தை உணர்ந்து, கூட்டத்தோடு வந்த ஆராய்ச்சியார் அதை இழுத்துத் திறந்தார்.

பூதியார் நிமிர்ந்தார். வெயிலில் முகங்களாகத் தெரிந்தன. “எந்திரிடி! யாரு வந்திருக்காங்கன்னு தெரியுதா?” என்று அரைசூரார் கூவினார்.

“எந்திரிக்க முடியலீங்க. இவரு கனமா இருக்காரு. இன்னுங் கொஞ்ச நேரந்தான்; அவரு போகட்டும், வந்துடறேன்.”

கிழவர் கண்ணைத் திறந்தார். வந்த நாள் முதல் திட்டைத் தவிர வேறொன்றும் பேசாத அந்த வாய், “காலு மரத்துப் போச்சா, தாயி?” என்று கேட்டது.

“ஆமாங்க” என்றார் பூதியார்.

“எனக்கு எதமா இருந்துச்சு” என்று சொல்லிச் சிரித்தார் கிழவர்.

அந்தச் சிரிப்பைப் பூதியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடி லேசாயிற்று. போர்வை தாழ்ந்து தரையோடு படிந்தது. அதற்குள் யாரும் இல்லை. வெளியே பல்லக்கின் பக்கமிருந்து, “தூக்க முடியலியே! இன்னும் நாலு பேரு வாங்கப்பா!” என்ற கூச்சல் எழுந்தது. குருக்கள் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார். பூதியாருக்கு விளங்கியதும் சூடு மாறாத அந்தப் போர்வையை முகத்தில் வைத்துக்கொண்டு குழந்தை போல அழுதார். தாம் திருவீதி வலம் காணப் போகவில்லை; வலம் வந்தவர் தம் மடிக்கு வந்து படுத்திருந்திருக்கிறார்.

ஆராய்ச்சியார் அந்தத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “எழுந்திருங்கய்யா, தரை ஈரம்” என்று பதறினார் பூதியார். அவருக்குச் சொல்லத் தோன்றியது அதுதான்.

அன்றே செங்கல் சுவரை இடித்தார்கள். தாழ்ப்பாளைப் பெயர்த்து எடுத்தார்கள். அரைசூராரை விலக்கிவிடுவதாக ஆராய்ச்சியார் சொன்னபோது பூதியார் தடுத்தார். “போகச் சொல்லாதீங்க. கூத்தண்ணனுக்குத் தண்ணி குடுக்க இன்னொரு ஆளு வேணும்” என்றார். அரைசூரார் தலைகுனிந்து கலயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார். கூத்தர் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டதும், மூக்கிலிருந்து மற்றக் கையையும் எடுத்து அவர் தலையைத் தாங்கிப் பிடித்தார்.

ஆராய்ச்சியார் மடத்துக்குத் திரும்பினார். “சாலை எப்படி இருக்கிறது? நடத்தலாமா, மூடலாமா?” என்று தலைவர் கேட்டார்.

“எனக்கு முடியாமப் போச்சுன்னா, வேற எங்கயும் கொண்டுபோக வேணாம். அங்க கொண்டுபோய்ப் போடுங்க. புதுப்பாயில வேணாம். அந்த அம்மா கைக்கு எட்டுற எடத்துல” என்றார் ஆராய்ச்சியார்.

சாலை நடக்கட்டும் என்று தலைவர் ஓலை எழுதினார். வீதிதோறும் உலா வரும் பெருமானைத் தம் மடியில் தாங்கி, தாங்கியது யாரை என்றும் அறியாதிருந்த பூதியாரின் மரத்துப்போன கால்களுக்கு நம் வணக்கம்.