எந்த பிரவுசர் நல்லது?

ஆறுமுகநயினாருக்குப் பொறுமை போய்விட்டது.

வயது ஐம்பதைத் தாண்டியவர். வேலை பார்த்த பஞ்சாலை மூடியபின், பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இணையதளங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வேலை கற்றுக்கொடுத்த ஜெபக்கனிக்கு அவருடைய மகள் வயது. அந்தப் பெண் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொன்னதில்லை.

அவசரத்துக்கு ரத்தம் கேட்பவர்களையும் கொடுப்பவர்களையும் சேர்த்துவைக்கும் தளம் ஒன்று வெள்ளோட்டத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசல்களில் நோட்டீஸும் ஒட்டியாயிற்று. எல்லா பிரவுசரிலும் சோதிக்க ஆள் இல்லை. நல்லதாக ஒன்றைப் பிடித்து அதில் முதலில் சரிபாருங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். எதைப் பிடிப்பது என்பதுதான் நயினாரின் கேள்வி.

குரோம் வேகமாக ஓடுகிறது, ஆனால் மெமரியைத் தின்கிறது என்றார்.

"யாருக்கு சார்?" என்றாள் ஜெபக்கனி.

அவருக்குப் புரியவில்லை. ஃபயர்பாக்ஸ் நம்மை வேவு பார்க்கிறவர்களைத் தடுக்கிறது, ஆனால் சில தளங்கள் அதில் சரியாக வருவதில்லை என்றார். அதற்கும் அதே கேள்வி. எட்ஜ் பக்கத்தை வாசித்தே காட்டுகிறது, சஃபாரி சார்ஜை மிச்சம் பிடிக்கிறது, ஆனால் ஆப்பிள்காரர்களுக்கு மட்டும் என்று அடுக்கினார். டீ சொல்லட்டுமா என்று கேட்டாள்.

நயினார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒரு வாரமா கேக்கேன் மேடம். ஒரே ஒரு பேரு. அதச் சொல்ல இவ்வளவு யோசனையா?"

ஜெபக்கனி பெருமூச்சு விட்டாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, வாங்க சார் என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, வேப்பமரத்தடியில் அவரை உட்காரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. வெயில் ஏற ஏற நயினாருக்கு எரிச்சலும் ஏறியது. கேட்ட ஒரு பெயருக்கு இந்த அலைச்சலா?

அப்போதுதான் கைலி கட்டிய ஒருவர் நோட்டீஸ் முன்னால் வந்து நின்றார். கையெல்லாம் சிமெண்ட். கண்ணாடி உடைந்த போனில் தளத்தின் முகவரியைத் தட்டினார். பக்கம் பாதிதான் வந்தது. 'ரத்தம் தேவை' என்று அழுத்தும் இடம் வரவே இல்லை. போனைக் குறுக்கே திருப்பினார். சட்டையில் துடைத்தார். மறுபடி முதலில் இருந்து தட்டினார்.

நயினாரால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் எந்த பிரவுசரில் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"நெட்டுலதான் அண்ணாச்சி."

"நெட்டுலதான். அதுல எது?"

அந்த மனிதர் அவரை வெறித்துப் பார்த்தார். போன் வாங்கும்போதே உள்ளே இருந்தது என்றார். பிரசவமான மனைவிக்கு ரத்தம் நிற்கவில்லை, ஆள் கூட்டிவரச் சொல்கிறார்கள் என்றார்.

நயினார் அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். கேள்விப்படாத பெயரில் என்னமோ ஒன்று. குரோமை இறக்கப் பார்த்தார். போனில் இடம் இல்லை. கடைசியில் தன்னுடைய போனை எடுத்து, விவரம் கேட்டுக் கேட்டு, தானே பதிந்தார். மேலப்பாளையத்திலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் யூனிபாரமோடு வந்து இறங்கினார். இருவரும் உள்ளே ஓடினார்கள். சாயங்காலம் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று போன் வந்தது.

ஆனால் அது பிறகு. அவர்கள் உள்ளே போனதுமே நயினார் ஸ்கூட்டர் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கோபம் இன்னும் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அந்த பிரவுசரப் பாத்தீங்களா மேடம்? நான் பாத்ததுலயே படு மோசம் அதுதான்."

ஜெபக்கனி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"மோசந்தான் சார். அவரு கையில அதுதான இருந்துச்சு."