பத்தொன்பதாவது பஸ்ஸர்

“இதுவும் சரியில்ல டீச்சர்,” என்றார் வேதமுத்து.

யாரோ தூக்கிப் போட்ட யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய, ஒலி எழுப்பும் பஸ்ஸரை மேசையில் வைத்தார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வட்டம். அது பத்தொன்பதாவது.

ரஹ்மத் நிமிரவில்லை. முன்னால் ஒரு பழைய டிவி முதுகு திறந்து கிடந்தது.

ரஹ்மத்துக்கு முப்பத்துநாலு வயது. திருச்சி பாலக்கரையில் பழைய எலக்ட்ரானிக் சாமான் கடை. கழித்துப் போட்டதில் உருப்படியானதை எடுத்து வேறொன்று செய்வது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்கட்டில் சொல்லிக்கொடுப்பார். வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். அரிசி ஆலையில் எடை போட்டு ஓய்வு பெற்ற, அறுபத்தோரு வயது வேதமுத்துவுக்கும்.

எட்டு மாதமாக வேதமுத்து செய்வது ஒன்றே ஒன்றுதான். ஓர் அழைப்பு மணி.

அவர் மனைவி மரியபுஷ்பத்துக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. எழுந்து நடக்க முடியாது. கட்டிலில் ஒரு பொத்தான். அமுக்கினால் கூடத்தில் சத்தம் வர வேண்டும். அவ்வளவுதான்.

“இதுல என்ன குறை?”

“கீச்சுன்னு கத்துது. எரிச்சலா இருக்கு.”

“போன வாரத்துது?”

“ரொம்ப மெலிசு.”

“அதுக்கு முந்தினது?”

“விட்டு விட்டு அடிச்சுது.”

வேதமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து கண்களைக் கசக்கினார்.

“முடியல டீச்சர். கழட்டிக் கழட்டி விரலெல்லாம் கொப்புளம். எனக்கு எது தெரியலன்னு நீங்களாவது சொல்லுங்க.”

ரஹ்மத் திருப்புளியைக் கீழே வைத்தார். அவர் முகத்திலும் களைப்பு இருந்தது.

“வீட்டுக்கு வந்து பாக்குறேன் சார்.”

மறுநாள் காலை வந்தார்.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. செட்டாப் பாக்ஸ்கள், பிரிண்டர், மூடியில்லாத ரேடியோக்கள். எல்லாம் குடல் சரிந்து கிடந்தன. வேதமுத்து ஒரு நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். ஈயப் பற்று வைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார்.

உள்ளறையிலிருந்து டங் என்றது.

“இந்த இணைப்பைப் பாருங்க டீச்சர்.”

டங். டங்.

“சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வருது.”

டங்.

“உள்ள என்னமோ சத்தம் சார்.”

“அவதான். டம்ளரால கட்டில் கம்பியைத் தட்டுவா.” வேதமுத்து ஈயக் கம்பியை நீட்டி இழுத்தார். “விடிஞ்சதுலேர்ந்து பத்துப் பதினோரு தடவை போயிட்டேன். போனா தலையணையைத் தள்ளி வைங்கிறா. வெயில் வந்துருச்சாங்கிறா. தெருவுல யாரு போறாங்கிறா. இதுக்காகத்தானே மணி செய்றேன்.”

“இப்பப் போகலியே. மணி அடிச்சா மட்டும் போவீங்களா?”

ஈயம் ஒரு சொட்டு மேசையில் விழுந்து உறைந்தது.

“எனக்கு இங்கயே கேட்டுச்சு சார்,” என்றார் ரஹ்மத்.

வேதமுத்து அயர்னைக் கீழே வைத்தார். பிறகு, “எனக்கும் கேட்டுச்சு,” என்றார். “எட்டு மாசமாக் கேக்குது டீச்சர்.”

ரஹ்மத் எட்டி, அயர்னின் பிளக்கைப் பிடுங்கினார்.

“அடுப்படி எங்க? நான் டீ போடுறேன்.”

டங்.

வேதமுத்து எழுந்தார். காலில் இடறிய ரேடியோவை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

மரியபுஷ்பம் டம்ளரைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைக் கண்டதும் கையைத் தாழ்த்தினாள்.

“என்ன வேணும் புஷ்பம்?”

“ஒண்ணும் வேணாம். சும்மாதான் தட்டுனேன். நீங்க போய் வேலையைப் பாருங்க.”

அவர் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தரையில் வைத்தார்.

“நானும் சும்மாதான் வந்தேன்,” என்று கட்டிலில் உட்கார்ந்தார்.